தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருப்பது பிடிவாதம் இல்லை

ஸ்ட்ரோக் வந்த பிறகு அப்பா தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிடுகிறார், புத்தி குழம்பிவிட்டதோ என்று பயந்து, வீடியோ பார்த்து ஞாபகசக்தி மாத்திரை வாங்கிக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அவர் "போதும்" என்று கை கழுவப் போகும்போது, மிச்சமிருக்கும் தட்டை அப்படியே பாதி வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். "இதை எப்போம்மா வைச்சே?" என்று கேட்டுக்கொண்டே மீதியையும் சாப்பிடுவார். இது நீங்கள் பயப்படுகிற புத்திக் கோளாறு இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் மூளையின் வலது பக்கத்தில் வந்த ஸ்ட்ரோக்கின் விளைவு. இடது கன்னத்தில் ஷேவ் செய்யாமல் விடுவதும் இடது தோள் கதவில் இடிப்பதும் இதே கதைதான்.

கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்று சொன்னது உண்மை. கண் பார்க்கிறது, மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்கவில்லை. மூளையின் வலது பாதி இரண்டு பக்கத்தையும் கவனிக்கும், இடது பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும்தான், அதனால் வலது பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆளே இருப்பதில்லை. 1978இல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளிடம், மிலான் நகரத்து தேவாலயச் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு தெரிவதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலும் வலப்பக்கக் கட்டடங்களே வந்தன. சரி, இப்போது எதிர்ப்பக்கத்தில் நிற்பதாக நினையுங்கள் என்றதும், முதலில் விட்ட கட்டடங்களைச் சொல்லி, சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். ஞாபகம் எங்கும் போகவில்லை.

ஆகவே வீடியோ பார்த்து வாங்கிய அந்த ஞாபகசக்தி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை எந்தத் தைரியத்தில் கொடுக்கிறீர்கள்? ரத்தக்கசிவு வந்தால் வீடியோ போட்டவரா வந்து நிற்பார்?

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பா சொல்வதை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, குறை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மறுபடி ஸ்ட்ரோக் வந்தாலும் அது பெரும்பாலும் வலிக்காது, அவரும் சொல்லமாட்டார், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேற்றைவிட இன்று திடீரென்று மோசமாக இருந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், கை தொங்கினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக ஸ்ட்ரோக் தொடங்கி 4½ மணி நேரத்துக்குள்தான், அதனால் கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் சாவியை எவ்வளவு சண்டை போட்டாலும் கொடுக்காதீர்கள். இடப்பக்கம் வரும் பஸ் அவருக்கு இல்லவே இல்லை.

மற்றபடி, பலருக்கு முதல் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும், பயிற்சியை விடாதீர்கள். பேசும்போது அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வரியையும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.