பக்கெட்டில் மட்டும் எந்தப் பசையும் நிற்காதது ஏன்?

கேள்வி: தண்ணீர் பக்கெட்டின் அடியில் விரிசல். ஃபெவிக்விக் ஊற்றினேன், பிறகு எம்சீல் வைத்தேன். இரண்டுமே சில நாளில் தோல் உரிவதுபோல் கழன்றன. வீட்டில் பிவிசி சால்வென்ட் இருக்கிறது, அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், பிடிக்காது. பசையில் குறையில்லை, பிளாஸ்டிக்தான் அப்படி. பக்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் கெட்டி பாலிஎத்திலீன். எண் இல்லையென்றால், சிறு துணுக்கைச் சீவி, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். இவை இரண்டும் மிதக்கும். பிவிசி, ஏபிஎஸ் (பொம்மைகளில் வரும் கெட்டி பிளாஸ்டிக்), அக்ரிலிக் மூழ்கும். (சுண்ணாம்புப்பொடி அதிகம் கலந்த மலிவுப் பக்கெட் மூழ்கி ஏமாற்றுவதும் உண்டு.)

மிதக்கும் இந்த ரகங்களின் மேல் தண்ணீர்கூடப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பசைக்கும் அதே கதிதான். பரவினால்தானே பிடிக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பெரிய பலன் இல்லை. பிவிசி சால்வென்ட் உண்மையில் பசையே அல்ல. இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம். பாலிபுரொப்பிலீனை அது கரைக்காது.

பக்கெட்டுக்குச் சரியான வழி உருக்கி ஒட்டுவது. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் ஒட்டைத் தாண்டி ஓடும். விரிசல் நெடுக, பாதி கனத்துக்கு ‘வி’ வடிவில் பள்ளம் சீவுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்னால் இரு ஓரத்தையும் இளக்கி, அதே எண் கொண்ட பழைய பிளாஸ்டிக் கீற்றை அதில் உருக்கி நிரப்புங்கள். 5-க்கு 5, 2-க்கு 2. மாற்றினால் ஒட்டியதுபோல் தெரியும், வளைத்தால் பிரியும். அடிப்பாகம் என்பதால் மெல்லிய ஸ்டீல் வலைத் துண்டை உள்ளே அமுக்கிப் புதைப்பது நல்லது. புகை கிளம்பினால் பிளாஸ்டிக் கருகுகிறது, அயர்னை எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிவிசியை மட்டும் இப்படிச் சுடவே கூடாது. அமில வாயு வரும்.

வெயிலில் கிடந்து, தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டும் பக்கெட்டென்றால் சிரமப்படாதீர்கள். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

மூடி, கொக்கி மாதிரி பாரம் தாங்காத சிறு பொருளுக்கு, பாலிஒலிஃபின் (மேலே சொன்ன 2, 5 ரகக் குடும்பம்) பிரைமரோடு, அதாவது பசை பிடிக்க முதலில் தடவும் திரவத்தோடு, வரும் சூப்பர் குளூ போதும். பிரைமரை இரு பக்கமும் தடவி, உலர்ந்ததும் ஒரு பக்கம் மட்டும் பசை வைத்து அழுத்துங்கள்.

மற்றவை இவ்வளவு தொல்லை தராது. விறைப்பான பிவிசி குழாய்க்கு உங்களிடம் உள்ள சால்வென்ட்டே சரி. வெந்நீர் போகும் சிபிவிசிக்குத் தனி சால்வென்ட். ஏபிஎஸ் பொம்மை உடைந்தால், அதே ஏபிஎஸ் சீவலை அசிட்டோனில் கூழாக்கித் தடவி, ஒரு ராத்திரி விடுங்கள். அதே அசிட்டோன் பாலிகார்பனேட்டில் (கண்ணாடி போன்ற உறுதியான பிளாஸ்டிக்) பட்டால் நுண்விரிசல் விழும், எச்சரிக்கை.

பிவிசியோடு ஏபிஎஸ் என்று இரண்டு ரகம் சேரும்போது, இரண்டையும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இருகூறு எப்பாக்சியை (இரண்டு பகுதியாக வரும் பசை) சம அளவில் கலந்து வையுங்கள்; 24 மணி நேரம் அசைக்க வேண்டாம். ஒரு பக்கம் பாலிபுரொப்பிலீன் என்றால் ஸ்க்ரூ அல்லது ரிவெட் அடித்துவிடுங்கள்.