2,400 வெள்ளிக்குக் கதவுக் கைப்பிடியா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம். ஆறு அறைக் கதவுகளுக்கும் பித்தளைக் கைப்பிடி செய்து போட வடிவமைப்பாளர் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 72 வயது அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. இப்போதிருக்கும் உருண்டைக் குமிழைத் திருக முடியவில்லை. புதுப்பிப்புக் கடனிலேயே இதையும் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். புதுப்பிப்புக்கு மத்திய சேமநிதியைத் தொட முடியாது; வங்கிக் கடனும் பொதுவாக ஆறு மாதச் சம்பளம் அல்லது 30,000 வெள்ளி, இதில் எது குறைவோ அதோடு நின்றுவிடும். பழைய வீட்டில் மின்கம்பிக்கும் குழாய்க்குமே அது இழுபறியாகும். கைப்பிடியைக் கையிருப்பில் வாங்குங்கள். கைக்காசு என்றால்தான் விலை உறைக்கும்.

அதற்காக அழகே வேண்டாம் என்று சொல்லவில்லை. (வீட்டில் சண்டை மூட்டிவிட எனக்கு ஆசையில்லை!) கூடத்திலிருந்து கண்ணில் படுகிற இரண்டு கதவுகளுக்கு அந்தப் பித்தளையே இருக்கட்டும்: 800 வெள்ளி. முழுப் பித்தளையா, துத்தநாகக் கலவைமேல் முலாமா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நான்குக்கும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில், கீழே அழுத்தித் திறக்கும் நெம்புகோல் வகை போதும். ஒன்று 60 வெள்ளி என்றாலும் 240தான். ஜாலான் புசார் கடைகளில் நேரில் அழுத்திப் பார்த்து வாங்கலாம். அம்மாவையும் கூட்டிப்போங்கள், முழங்கையால் அழுத்தினாலே திறக்க வேண்டும். முனை கதவுப் பக்கம் வளைந்திருந்தால் சேலைத் தலைப்பு, பை வார் எதுவும் மாட்டாது.

செலவு எகிறுவது வேறோர் இடத்தில். உருண்டைக் குமிழுக்குப் போட்ட துளை பெரும்பாலும் 54 மில்லிமீட்டர். புதிய கைப்பிடியின் வட்டத் தகடு பலவற்றில் 52தான். ஓரத்தில் ஓட்டை தெரியும், அப்புறம் தச்சருக்குத் தனிக்கூலி. அளந்துகொண்டு போய் அகலமான தகடாகக் கேளுங்கள். வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) கேட்காமல் புதுத் துளை போட விடாதீர்கள்.

மிச்சம் 1,360 வெள்ளி. அதில் கொஞ்சத்தை அம்மாவின் குளியலறைக்கு ஒதுக்குங்கள். அம்மா அதே வீட்டில் இருந்து, வீட்டு உரிமையாளரான நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், முதியோருக்கான வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் பிடிகம்பியும் வழுக்காத தரைப்பூச்சும் மானியத்தில் கிடைக்கும். உங்கள் பங்கு சொற்பம்தான். இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.