உலாவிக்குப் படியளப்பவர் யார்?

கடவுச்சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, இணைய உலாவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைத் தொகுத்து இம்முறை பதிலளிக்கிறேன்.

கேள்வி: மாமியாருக்காக முழங்கால் பட்டை ஒன்றின் விலையை மடிக்கணினியில் ஒருமுறைதான் பார்த்தேன். அன்று மாலையிலிருந்து சமையல் குறிப்புப் பக்கத்திலும் செய்திப் பக்கத்திலும் அதே பட்டையின் விளம்பரம் வருகிறது. நான் பயன்படுத்துவது குரோம். உலாவியை மாற்றினால் இது நிற்குமா? எதற்கு மாறலாம்?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: முற்றிலும் நிற்காவிட்டாலும் பெருமளவு குறையும். விளம்பரம் உங்களைத் தொடரும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேக்கா சந்தைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே மீன் கடை, காய்கறிக் கடை, மாடியில் துணிக்கடை என எல்லாவற்றிலும் ஒரே முதலாளியின் ஆட்கள் நோட்டுப் புத்தகத்துடன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கடையில் எண் எழுதிய ஒரு சீட்டை உங்கள் பையில் போட்டுவிடுகிறார்கள், பெயரைக் கேட்பதில்லை. அதன்பின் நீங்கள் எந்தக் கடையில் நுழைந்தாலும் அங்கிருப்பவர் அந்தச் சீட்டைப் பார்த்து, இந்த எண்ணுக்குரியவர் என்ன வாங்கினார், எதை விலை கேட்டுவிட்டுத் திரும்பினார் என்று குறித்துக்கொள்கிறார். அந்தச் சீட்டுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி இதை உருவாக்கியபோது, இணையக் கடையில் நீங்கள் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போனதும் கடை மறந்துவிடக்கூடாது என்பதுபோன்ற நோக்கமே இருந்தது. கடைக்காரர் கொடுக்கும் சீட்டில் தவறில்லை. அது இல்லாவிட்டால் எந்தத் தளத்திலும் உள்நுழைந்த நிலையில் நீடிக்க முடியாது. சிக்கல், கடைக்காரர் அல்லாத மூன்றாமவர், அதாவது விளம்பர நிறுவனம், கொடுக்கும் சீட்டில்தான் இருக்கிறது.

இந்த மூன்றாமவர் குக்கியை உலாவி எப்படி நடத்துகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான உரைகல். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அதை முழுமையாகத் தடுத்துவருகிறது. மொசில்லாவின் பயர்பாக்ஸ், 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, ஒரு கடையில் பெற்ற சீட்டு மற்றொரு கடையில் கண்ணில் படாதபடி செய்துவிட்டது. பிரேவ் உலாவியும் நீங்கள் எதையும் மாற்றாமலேயே அதைத் தடுத்துவிடுகிறது. கூகலின் குரோமோ, மூன்றாமவர் குக்கியை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை கெடுவைத் தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

குரோமை உருவாக்கும் பொறியாளர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. பாதுகாப்புக் குறைகளை அடைப்பதில் அவர்களுக்கு நிகரானவர்கள் குறைவு. ஆனால், கூகலின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தில் வந்தது. நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பவரிடமே சந்தைக்கான சாவியும் இருந்தால், அவர் தம் ஆட்களை எழுப்பி வெளியே அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

மற்றவர்கள் முற்றும் துறந்த முனிவர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகலை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகல் தரும் பணமே. சஃபாரியில் அதே இடத்தைப் பெறுவதற்காகக் கூகல் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 20 பில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுத்தது, அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. பிரேவுக்குச் சொந்தமாகவே ஒரு விளம்பர வணிகம் உண்டு. தவிர, பயனர்கள் சில மின்னாணயத் தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்தபோது, தனக்குத் தரகு கிடைக்கும் இணைப்பைத் தானாகவே சேர்த்தது 2020இல் கண்டுபிடிக்கப்பட்டு, அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆகவே எவருக்கு யார் படியளக்கிறார்கள் என்று பார்த்து, நம்மைக் கண்காணிப்பதால் ஆதாயம் மிகக் குறைவாக உள்ளவரைத் தேர்ந்தெடுப்பதே நம்மால் ஆவது.

என் தேர்வு பயர்பாக்ஸ். அதனுடன் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இலவச நீட்சி, அதாவது விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்க உலாவியில் சேர்க்கும் சிறு நிரல். அதன் முழு வடிவம் குரோமில் இப்போது இயங்குவதில்லை. நீட்சிகளுக்கான விதிமுறைகளைக் கூகல் மாற்றி, 2024இல் தொடங்கிப் படிப்படியாகப் பழைய வகை நீட்சிகளை நிறுத்திவிட்டது. எஞ்சியிருப்பது அதன் சுருக்க வடிவம்தான். நீட்சிகளைத் தேடி நிறுவும் பொறுமை இல்லையென்றால் பிரேவ் நல்லது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: குரோமின் அதே அடித்தளம், வேறு முதலாளி.

எதற்கு மாறினாலும், அதில் கூகல் கணக்கில் நுழைந்தபடியே தேடினால், அந்தத் தேடல் உங்கள் பெயரிலேயே கூகலிடம் பதிவாகக்கூடும். முழங்கால் பட்டையின் விலையைப் பார்த்த கடையில் உங்களுக்குக் கணக்கு இருந்தால், அதுவும் அப்படியே. சீட்டைத் தடுக்கும் உலாவியால், நீங்களாகவே பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வதைத் தடுக்க முடியாது.

கேள்வி: என் மகன் எப்போதும் இன்காக்னிட்டோ சாளரத்தில்தான் உலாவுகிறான், அதில் எதுவும் பதிவாகாது என்கிறான். சரியா?
– ஈசூன் வாசகர்

பதில்: வீட்டில் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாளரத்தை மூடியதும் உலாவல் வரலாறும் குக்கிகளும் அந்தக் கணினியிலிருந்து நீங்குகின்றன. நுழைந்த தளங்களுக்கும், இணையச் சேவை தரும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அவர் வந்துபோனது தெரியும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததால்தான் 2020இல் அமெரிக்காவில் கூகல்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. இன்காக்னிட்டோ உலாவல் தொடர்பான பல பில்லியன் தரவுப் பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ 2024இல் கூகல் உடன்பட்டது. அந்தச் சாளரத்தின் தொடக்க வாசகமும் திருத்தப்பட்டுள்ளது. மகனை அதை ஒருமுறை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குக்கிகளை எல்லாம் தடுத்துவிட்டேன். இனி என்னை அடையாளம் காண முடியாது அல்லவா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: முடியும். பையில் சீட்டு இல்லாவிட்டாலும் நடையையும் உடையையும் வைத்து ஆளைக் கண்டுகொள்வதைப் போன்ற முறை ஒன்று உண்டு. அதை உலாவிக் கைரேகை என்பார்கள். திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி விருப்பம், வரைகலைச் சில்லின் தன்மை ஆகியவற்றைத் தளம் கேட்டால் உலாவி சொல்லிவிடும். தனித்தனியே அற்பமான இவை, சேர்ந்தால் ஓர் ஆளைச் சுட்டும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேறெதனுடனும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் இருக்கிறது. நேர மண்டலம் சிங்கப்பூர், மொழி விருப்பம் தமிழ், தனியாக நிறுவிய இரண்டு மூன்று தமிழ் எழுத்துருக்கள் என்றால், கூட்டம் மிகச் சிறியதாகிவிடுகிறது. அதற்காகத் தமிழைக் கைவிடச் சொல்லமாட்டேன். பிரேவ் இத்தகைய சில விவரங்களைச் சற்றே மாற்றிச் சொல்லிக் குழப்புகிறது. டோர் உலாவி தன் பயனர் அனைவரையும் ஒரே சீருடையில் காட்ட முயல்கிறது. டோர், உங்கள் இணைப்பை மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால் வேகம் குறையும். வெளிநாட்டு முகவரியிலிருந்து நுழைவதுபோல் தோன்றுவதால் வங்கித் தளங்கள் ஐயப்படவும்கூடும். செய்தியாளருக்கும் உயிருக்கு அஞ்சுபவருக்கும் அது இன்றியமையாதது. முழங்கால் பட்டைக்கு அவ்வளவு தேவையில்லை.

கேள்வி: ஐபோனில் பயர்பாக்ஸ் போட்டால் போதுமா?
– பொங்கோல் வாசகி

பதில்: ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்கள் தவிர, எந்த உலாவியும், பக்கங்களைத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் இயந்திரத்தின்மீதே இயங்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. பெயர்ப்பலகை மாறினாலும் அடுப்பு ஒன்றே. யூபிளாக் போன்ற நீட்சிகளையும் ஐபோன் பயர்பாக்ஸில் சேர்க்க முடியாது. சஃபாரியையே வைத்துக்கொண்டு, அமைப்புகளில் தளங்களுக்கிடையே தொடர்வதைத் தடுக்கும் தெரிவு இயங்குகிறதா என்று பார்த்து, தேடுபொறியை மட்டும் மாற்றினாலே போதுமானது. ஆண்ட்ராய்டு திறன்பேசியில் நிலைமை வேறு. அங்கே பயர்பாக்ஸ் தன் சொந்த இயந்திரத்தில் ஓடுகிறது. யூபிளாக் ஆரிஜினையும் ஏற்கிறது. பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, திறந்து சேமிப்பை இழந்தவர்களைப் பற்றி 2023இல் சிங்கப்பூர்க் காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்தது.

கேள்வி: நான் ஓய்வுபெற்றவன். உலாவியை மாற்றினால் சிங்பாஸ், வங்கி, மருந்தக முன்பதிவு எல்லாம் கெட்டுப்போகுமோ என்று அச்சமாக இருக்கிறது.
– தோ பாயோ வாசகர்

பதில்: உங்கள் அச்சத்தில் சிறிது நியாயம் உண்டு, ஐயா. சிங்பாஸ் என்பது சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளச் சேவை. கணினியில் சிங்பாஸ் நுழைவுக்கு, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைத் திறன்பேசிச் செயலியால் வருடுகிறீர்கள். உலாவி எதுவானாலும் அதன் முறை மாறாது. தொல்லை சிறு தளங்களில்தான் வரும். எனக்கே சென்ற ஆண்டு ஒரு முன்பதிவுப் பக்கத்தில் பொத்தான் அசையவே இல்லை. அரை மணி நேரம் அந்தத் தளத்தைத் திட்டிவிட்டுப் பிறகுதான், என் நீட்சி அதைத் தடுத்திருப்பதைக் கண்டேன். நீட்சியின் படத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தியதும் வேலை முடிந்தது.

ஒரே நாளில் முழுக்க மாற வேண்டாம். பழைய உலாவியை வைத்துக்கொண்டே புதியதை நிறுவுங்கள். பக்கக்குறிகளையும் கடவுச்சொற்களையும் இறக்குமதி செய்யும் வசதி அதிலேயே இருக்கும். தனியாகச் செய்யத் தயங்கினால், சமூக மன்றங்களில் மூத்தோருக்கு உதவும் மின்னிலக்கத் தூதர்களைக் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய உலாவி தேவைப்படவில்லை என்று உறுதியானதும், அதில் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும் அட்டை எண்களையும் முதலில் அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, அதன்பிறகே அதை நீக்குங்கள்.