கன்று வீசிய மாட்டைத் தொட்டால் மனிதருக்குக் காய்ச்சல் வருமா? புருசெல்லோசிஸ் ஆபத்தானதா?

வரும். எனக்கே வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, அதாவது கரு கலைந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை என்று நானே வெறுங்கையால் இழுத்தெடுத்தேன், விரலில் ஆறாத வெட்டுக்காயம் வேறு. மூன்று வாரம் கழித்து ஆரம்பித்தது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனைகிற அளவு வியர்வை, விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். டைபாய்டு என்றார்கள், மாத்திரை போட்டேன், குறைந்தது, பத்து நாளில் திரும்பி வந்தது, கூடவே இடுப்பு வலி. இப்படியே இரண்டு மாதம் போன பிறகு வேறொரு டாக்டர்தான் "வீட்டில் ஆடு மாடு இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

புருசெல்லா என்பது பாக்டீரியா, அதனால் வருகிற நோய்தான் புருசெல்லோசிஸ். மாடு, ஆடு, பன்றி, நாய் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை. சினை மாட்டின் கருப்பையில்தான் கொழுத்து வளரும், அதனால்தான் கன்று வீசுகிறது. நஞ்சுக்கொடியிலும் கூட வருகிற நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். காயம் வழியாக, கண் வழியாக, மூச்சு வழியாகக்கூட உள்ளே போகும். இன்னொரு வழி காய்ச்சாத பால். மாட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதே காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தபோது ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887-ல் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது; மால்டா மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான், நன்றாக மேய்ந்து நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்த ஆடுகளே காரணம் என்று புரிந்தது. மறுவருடம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், நோய் மளமளவென்று இறங்கியது. பாலைக் காய்ச்சினாலே கிருமி செத்துவிடும்.

உயிருக்கு ஆபத்தா என்றால், சாவது அபூர்வம். இதய வால்வில் போய் உட்கார்ந்தால்தான் பெரிய சிக்கல். மற்றபடி ஆளைப் படுத்தியெடுக்கும்: மூட்டு, முதுகெலும்பு, ஆண்களுக்கு விரை வீக்கம். நம் ரத்த வெள்ளையணுக்கள் விழுங்கினாலும் சாகாமல் அவற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கிருமி இது, அதனால் ஒரு மருந்தும் ஒரு வாரமும் போதாது. எனக்கு டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டும் 6 வாரம். இரண்டாவது வாரமே உடம்பு தெளிந்துவிடும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து வேறு.

மனிதருக்குத் தடுப்பூசி என்று பொதுவாகக் கிடைப்பது எதுவும் இல்லை. பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடலாம். அது உயிருள்ள கிருமி, போடும்போது ஊசி தவறி தன் கையிலேயே குத்திக்கொண்ட கால்நடை மருத்துவர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கன்று வீசினால் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. நஞ்சுக்கொடியை நாய் இழுக்காதபடி ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் "புருசெல்லா சந்தேகம்" என்று எழுதச் சொல்லுங்கள். ரத்தத்திலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள்; இது மெதுவாக வளர்கிற கிருமி, சொல்லாவிட்டால் சீக்கிரமே 'ஒன்றும் இல்லை' என்று முடித்துவிடுவார்கள். அப்படி வளர்க்கப்போய் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கே தொற்றுவதும் உண்டு, அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.