பஸ் ஏறும்போது அழாத பையன்

கேள்வி: மூத்தவனுக்கு 6 வயது, இளையவள் பிறந்து 4 மாதம் ஆகிறது. அவள் வந்ததில் இருந்து மூத்தவன் ஆளே மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் முறைப்பு. திடீரென்று மழலை பேசுகிறான், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப ஆரம்பித்திருக்கிறது. தங்கச்சி மேல் பாசம் வரட்டும் என்று 'தி பாஸ் பேபி' கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினோம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முடிந்ததும், "பாப்பா எப்போம்மா கம்பெனிக்குத் திரும்பிப் போவா?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. பேறுகாலத்துக்கு முன்பே அவனைக் குலசேகரத்தில் மாமியார் வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டோம். சனி, ஞாயிறு இங்கே வருவான். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போது அழுவதே இல்லை, அந்த விஷயத்தில் மட்டும் தங்கம். இந்தப் பொறாமையை எப்படிப் போக்குவது?
ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: உனக்கு என் மகள் வயசுதான் இருக்கும், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் மக்களே. கோபம் வந்தால் வரட்டும்.

மழலை, முறைப்பு, படுக்கை நனைப்பு எல்லாம் தம்பி தங்கச்சி பிறந்த வீட்டில் அநேகமாக நடப்பதுதான். காய்ச்சலோ, சிறுநீர் போகும்போது எரிச்சலோ இருந்தால் டாக்டரிடம் காட்டு, இல்லாவிட்டால் அதற்காகத் திட்டாதே, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது அது இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "அழுவதே இல்லை, தங்கம்" என்று, அதை இரண்டு தடவை திருப்பிப் படித்தேன். ஆறு வயசுப் பிள்ளை, ஐந்து நாள் கழித்துத்தான் அம்மாவை மறுபடி பார்க்கப் போகிறான், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் பஸ்ஸில் ஏறி உட்காருகிறான். இது உனக்குத் தங்கமா?

அந்தப் படம் 2017-இல் வந்தது. பேரன் புண்ணியத்தில் நானும் நாலைந்து தடவை பார்த்தாயிற்று. டிம் என்று 7 வயசுப் பையன், ஒற்றைப் பிள்ளை. ராத்திரி படுக்கும்போது மூன்று கதை, ஐந்து தடவை கட்டிப்பிடித்தல், அவனுக்கென்றே ஒரு பாட்டு, இது தினப்படி வழக்கம். ஒருநாள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு ஒரு குழந்தை டாக்ஸியில் வந்து இறங்குகிறது, அதோடு கதையும் போச்சு பாட்டும் போச்சு. நீங்கள் சிரிப்புப் படம் என்று போட்டீர்கள். சிரிப்புத்தான். ஆனால் அந்தக் குழந்தை கம்பெனியில் இருந்து வேலைக்கு வந்த ஆள், வேலை முடிந்ததும் கிளம்பிப் போய்விடும். உன் மகன் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் போக வேண்டியது குழந்தைதானே, உன் வீட்டில் மட்டும் ஏன் வாராவாரம் அவனைத் திருப்பி அனுப்புகிறீர்கள்? அவன் கேட்டது அதைத்தான். நீ அதற்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிட்டாய்.

இன்னொன்று. படத்தின் முடிவில், திரும்பிப் போன குழந்தைக்கு டிம் ஒரு கடிதம் எழுதுவான். இரண்டு பேருக்கும் போதுமான அன்பு இல்லையென்றால் என் பங்கு முழுவதையும் நீயே வைத்துக்கொள் என்று. பார்க்கிற பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். உன் மகன் அதை எழுதாமலே கொடுத்துவிட்டானோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மடி, உன் கட்டில், தெருவில் அவனோடு விளையாடிய பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறான். கூடவே "நீ அண்ணன்லா, விட்டுக்கொடு" என்று யாராவது சொல்லியும் இருப்பீர்கள், எந்த வீட்டில்தான் சொல்லாமல் இருக்கிறோம்! 28-ஆம் நாள் அரைஞாண் கட்டும்போது அவன் பக்கத்தில் இருந்தானா, இல்லை அன்றைக்கும் பள்ளிக்கூடமா? உன் கடிதத்தில் அது இல்லை.

மாமியாரைக் குறை சொல்லவில்லை. வேளாவேளைக்கு ஏத்தன்பழம் அவித்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார், சுற்றி ரப்பர் தோட்டம், பக்கத்தில் திற்பரப்பு அருவி, பையனுக்குப் பொழுது போகும். பேறுகாலத்துக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் ஆச்சி வீட்டில் விடுவது நம் ஊரில் காலகாலமாக நடப்பதுதான். ஆனால் நீங்கள் பள்ளிக்கூடத்தையே மாற்றியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு குழந்தையை வரவேற்க இன்னொரு குழந்தையை வெளியே வைப்பது என்ன நியாயம்? முடியாது என்றால் மாமியாரை மார்த்தாண்டத்துக்குக் கூப்பிட்டிருக்கலாமே, யோசித்தீர்களா? உன் வீட்டுக்காரரைப் பற்றி நாலு வரிகூட இல்லை. ராத்திரி சின்னவளைத் தோளில் போட்டுத் தூங்க வைக்க அவருக்குக் கை இல்லையா?

என் தம்பி பிறந்தபோது என்னைப் பூதப்பாண்டியில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள், ஒரு வருஷம். பெரியம்மா உயிரையே வைத்திருந்தாள். நானும் அழாத பிள்ளைதான், எல்லோரும் மெச்சினார்கள். இப்போது 60 தாண்டியும் தம்பி வீட்டுக்குப் போனால் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறேன், காபியைக் குடித்ததும் கிளம்பிவிடுகிறேன். அவன் நல்லவன், பாவம், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வேண்டாம். நடு வருஷத்தில் பள்ளிக்கூடம் மாற்றுவது எப்படி என்று கேட்பாய். அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, டி.சி. வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் பள்ளிதான் என்றால் போய்ப் பேசிப் பாருங்கள், இடம் கிடைக்கும்வரை அப்பா காலையில் பைக்கில் கொண்டுவிட்டு சாயங்காலம் கூட்டி வரட்டும். மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் கடலா கிடக்கிறது?

படத்தை இனிமேல் போட்டுக் காட்ட வேண்டாம், அவனே கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பார். ராத்திரி அவனுக்கு ஒரு கதை சொல்லு, மூன்றெல்லாம் வேண்டாம், பால்கொடுக்கிறவளுக்கு அவ்வளவு தெம்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். சின்னவள் அழுதால் ஒரு நிமிஷம் அவள் காத்திருக்கட்டும், "அண்ணன் கதை முடியட்டும்" என்று அவன் காதில் விழும்படி சொல்லு.

பையைப் பிரித்துத் துணியை எல்லாம் அலமாரியில் அடுக்கும்போது அவனையும் கூட வைத்துக்கொள். இனி போக வேண்டாம் என்று புரிந்ததும் ஒருவேளை தெருவே கூடுகிற மாதிரி அழுவான். அழட்டும். அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுது.