மாடி மழைத்தண்ணீர் குடத்துக்கு வரும் வழி: கேள்வி பதில்

சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டில் குடிப்பது மொட்டை மாடியில் பிடித்த மழைநீர்தான். ஐப்பசி நெருங்க நெருங்கக் கேள்விகளும் குவிகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், மழைத்தண்ணீர் சுத்தமானதுதானே, வடிகட்டி எதற்கு?

வானத்திலிருந்து விழும்வரை சரி. மாடியில் புறா எச்சமும் தூசியும் காத்திருக்கின்றனவே!

முதல் மழையை எவ்வளவு கழிக்க வேண்டும்? அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ப்ளம்பர் 4 அங்குலக் குழாயில் பந்து போட்டுத் தந்திருக்கிறார்.

1000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 93 லிட்டர். அதையாவது கழிக்க வேண்டும். உங்கள் 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும். 3 மீட்டர் நின்றாலும் 24 லிட்டர். பந்து மிதந்து வாயை மூடிவிடும், மிச்ச அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். குழாயோடு ஒரு 100 லிட்டர் டிரம்மைச் சேருங்கள். அடியில் சொட்டுச் சொட்டாக வடியும் சின்ன ஓட்டை இருந்தால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். அதை அடைப்பில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

அண்ணா, ஆர்.ஓ. போடவா?

வேண்டாம். மழைநீரில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். இல்லாத உப்பை நீக்க எதற்குத் தண்ணீரை வீணாக்க வேண்டும்? 5 மைக்ரான் வடிகட்டி, கார்பன், அப்புறம் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கலங்கல் இருந்தால் கிருமி அதன் நிழலில் ஒளிந்து தப்பிவிடும்.

எல்லாமே தானாக நடக்கும்படி செய்ய முடியுமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்காமல் மாட்டிக்கொண்டவன். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி, வடிகட்டி வழியே சமையலறைக் குழாய்க்கு வரும். ஒருநாள் யூவி விளக்கு செத்துப்போயிருந்தது. தண்ணீர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம். எத்தனை நாளாக என்பது இன்றுவரை தெரியாது. மாட்டித் தந்தவர் "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு யூவிக்கு அடுத்து ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான், வைத்தேன். கரண்ட் இருந்தால் மட்டுமே திறக்கும் வகை அது. விளக்கின் ஒளியைப் பார்க்கும் சென்சார் சரியென்றால்தான் அதற்குக் கரண்ட் போகும். விளக்கு மங்கினாலும் மின்வெட்டானாலும் குழாய் வறண்டுவிடும். வீட்டில் திட்டு விழும், விழட்டும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாமல், சுமார் 9000 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது வருடத்துக்கு ஒன்று, மாற்றிவிட வேண்டும்.

குடிக்கலாம் என்று எப்படி உறுதி செய்வது?

நாக்கை நம்பாதீர்கள். ஆய்வகத்தில் கொடுத்தால், 100 மில்லி தண்ணீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. வீட்டிலேயே பார்க்க ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி கிடைக்கும். ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்துக் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கறுக்கவில்லை என்பதற்காக ஆய்வகத்தை விட்டுவிடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பரவாயில்லையா?

அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு.