சிறுநீர்க்குழாய்க் கல்லை லேசர் எப்படி உடைக்கிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் சிக்கிய கல்லை, உடலை வெட்டாமலே உள்ளே போய்ப் பொடிப்பதுதான் இந்தச் சிகிச்சை. சிறுநீர் வெளியேறும் வழியாகவே சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள கேமரா குழல் ஏறும். அதனுள் நூல் போன்ற லேசர் இழை.

இதற்குப் பயன்படும் ஹோல்மியம் என்ற வகை லேசரின் ஆற்றலைத் தண்ணீர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கல் சூடேறி, அதன் நுண்துளைகளில் உள்ள ஈரம் சோளம் பொரிவதுபோல் வெடிக்கும். லேசர் ஒளி தண்ணீரில் அரை மி.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். ஆனாலும் இழையின் முனை குழாய்ச் சுவரைத் தொட்டால் ஓட்டை விழலாம். ஆற்றல் கூடினால், அடிபட்ட கேரம் காய்போலக் கல் சிறுநீரகத்துக்கே ஓடிவிடும்.

வீக்கத்தால் குழாய் அடைபடாமலிருக்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வழக்கமாக 1-2 வாரத்தில் எடுப்பார்கள். வலி நின்றதும் அதை மறப்பவர்கள் உண்டு. அதன்மேலேயே புதுக்கல் படியும்.

உடலுக்கு வெளியிலிருந்து கல்லை உடைப்பதையும் லேசர் என்கிறார்கள். அது அதிர்வலை, வேறு சிகிச்சை.